பேதியின்போது குடல் செல் என்ன செய்கிறது? – கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். குடல் செல் சோடியத்தை உள்ளே எடுத்துக்கொண்டு புரோட்டானை (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி) வெளியே அனுப்புவதும், அந்த வேலையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பதும் எனக்கு மிகப் பிடித்த பாடம். வந்த கேள்விகளில் சில மாணவர்களுடையவை, சில வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கேட்டவை. இரண்டையும் கலந்தே கொடுத்திருக்கிறேன்.

உயிர்வேதியியல் மாணவி, திருச்சி: மேடம், "சோடியம்-புரோட்டான் பரிமாற்றி" என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு சோடியம் உள்ளே வர எதற்காக ஒரு புரோட்டான் வெளியே போக வேண்டும்? இதற்கு ஏ.டி.பி. (செல்லின் எரிபொருள் மூலக்கூறு, ATP) செலவாகிறதா?

நேரடியாகச் செலவாகாதும்மா, ஆனால் செலவு வேறோர் இடத்தில் நடக்கிறது.

குடல் செல்லுக்கு இரண்டு முகம். ஒன்று சாப்பாடு ஓடும் பக்கம், இன்னொன்று ரத்தக் குழாய் இருக்கும் பக்கம். ரத்தப் பக்கச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைப் பற்றி எழுதினார், 1997-இல் அதற்காக வேதியியல் நோபல் பெற்றார். இந்த பம்ப் ஓய்வில்லாமல் ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் லிட்டருக்குச் சுமார் 10 முதல் 15 மில்லிமோல்தான் இருக்கும். வெளியே ரத்தத்தில் 140. உள்ளே வர சோடியத்துக்கு எப்போதும் ஓர் உந்துதல் இருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டுப் பக்கத்துச் சவ்வில் இருக்கும் பரிமாற்றியின் பெயர் என்.எச்.இ.3. இந்த உந்துதலை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. சோடியத்தையோ புரோட்டானையோ பிடித்துக்கொண்டால்தான் இந்தப் புரதம் முகத்தைத் திருப்பும். வெறுமனே திரும்பாது. ஓர் ஆள் இறங்கினால்தான் ஓர் ஆளை ஏற்றுவேன் என்று கண்டக்டர் நிற்கும் டவுன் பஸ் மாதிரி, கணக்கு எப்போதும் ஒன்றுக்கு ஒன்று.

அந்தப் புரோட்டான் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். செல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் உதவியால் சேர்ந்து புரோட்டானும் பைகார்பனேட்டுமாகப் பிரிகின்றன. புரோட்டான் என்.எச்.இ.3 வழியாகப் போய் சோடியத்தை உள்ளே விடுகிறது. பைகார்பனேட், டி.ஆர்.ஏ. என்ற இன்னொரு பரிமாற்றி வழியாகப் போய் குளோரைடை உள்ளே விடுகிறது. ஆக, உள்ளே வந்தது சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு. உப்பு போன வழியே தண்ணீரும் போகும். ஒரு நாளில் குடலுக்குள் வரும் திரவம் 8 முதல் 9 லிட்டர். நாம் குடிப்பது அதில் சுமார் 2 லிட்டர்தான், மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர். மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டும். மற்ற அத்தனையையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்: ஒரு நேர்மின் அயனி உள்ளே, ஒரு நேர்மின் அயனி வெளியே. நிகர மின்னோட்டம் சுழி. அப்படியென்றால் இதை எந்தக் கருவி காட்டிக்கொடுத்தது?

அருமையான கேள்வி சார். நீங்கள் சந்தேகப்பட்டதேதான் நடந்தது. மின்னோட்டத்தை அளந்தவர்கள் கண்ணில் இது படவே இல்லை.

ஹான்ஸ் உஸ்ஸிங் கோபன்ஹேகனில் தவளைத் தோலை வைத்து உருவாக்கிய முறை இன்றும் எங்கள் ஆய்வகங்களில் இருக்கிறது. இரண்டு அக்ரிலிக் அறைகளுக்கு நடுவே குடல் துண்டைச் சவ்வு போல விரித்து இறுக்கிவிடுவோம். இரண்டு பக்கமும் ஒரே உப்புக் கரைசல், அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள். மின்முனைகள் வழியாக, திசு உண்டாக்கும் மின்னோட்டத்தை அளப்போம். சாப்பாட்டுப் பக்கத்து அறையில் கொஞ்சம் குளுக்கோஸ் விட்டால் சில நொடிகளில் மீட்டர் ஏறும். குளுக்கோஸோடு சேர்ந்து சோடியம் மின்னேற்றத்தைச் சுமந்து உள்ளே போகிறது, அது உடனே தெரிந்துவிடும். என்.எச்.இ.3 பக்கத்திலேயே சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அசையாது.

வேறு வழியில்தான் அது பிடிபட்டது. 1976-இல் முரர், ஹோஃபர், கின்னே மூவரும் எலியின் சிறுகுடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் தூரிகை விளிம்புச் சவ்வை (விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் நிறைந்த பக்கத்துச் சவ்வு) மட்டும் தனியே பிரித்தார்கள். அது தானாகவே சின்னச் சின்ன மூடிய பைகளாகச் சுருண்டுகொள்ளும். அந்தப் பைகளுக்குள் செல் கிடையாது, ஏ.டி.பி. கிடையாது, பம்ப் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு பக்கம் சோடியத்தைக் கூட்டினால் புரோட்டான் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பரிமாற்றி சவ்விலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா!

நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்: செல் இந்தப் பரிமாற்றியை எப்படிக் குறைக்கிறது, கூட்டுகிறது? "சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் உறிஞ்சல் குறையும்" என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

நடுவில் நடப்பதுதான் மொத்தப் பாடமும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்.எச்.இ.3-இன் உடலில் ஏறத்தாழ பாதிதான் சவ்வுக்குள் நின்று அயனிகளை மாற்றுகிறது. மீதிப் பாதி செல்லுக்குள் நீளும் ஒரு வால். அந்த வால் எந்த அயனியையும் கடத்துவதில்லை, உத்தரவு வாங்குவதுதான் அதன் வேலை. நெர்ஃப் என்ற குடும்பத்துப் புரதங்கள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். நெர்ஃபை எஸ்ரின் என்ற புரதம் பிடிக்கும். எஸ்ரின் போய், நுண்விரலிகளுக்குள் (சவ்வின் அந்த விரல் போன்ற நீட்சிகள்) இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளில் மாட்டிக்கொள்ளும். இப்படி நங்கூரம் போட்டு நிற்பதால் என்.எச்.இ.3 நுண்விரலியிலேயே இருந்து வேலை செய்கிறது.

சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது செல்லுக்குள் உத்தரவு கொண்டுபோகும் சின்ன மூலக்கூறு. அது கூடும்போது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அந்தக் கைனேஸையும் பக்கத்திலேயே பிடித்து வைத்திருப்பது இதே எஸ்ரின்தான். அது வாலில் சில இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். முதலில் பரிமாற்றியின் வேகம் குறையும். அப்புறம் பரிமாற்றிகள் சவ்விலிருந்து கழன்று, சின்னக் கொப்புளங்களாகச் செல்லுக்குள் இழுக்கப்படும். புரதம் அழிந்துபோகவில்லை, உள்ளே காத்திருக்கிறது. உத்தரவு மாறினால் திரும்ப மேலே வரும். சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற இன்னொரு தூது மூலக்கூறும் கால்சியமும்கூட இதே போலக் குறைக்கின்றன, நெர்ஃப் குடும்பத்து உறுப்பினர்களோடு கூட்டுச் சேர்ந்து.

இதுவரை சொன்னது நிமிடக் கணக்கில் நடப்பது. மணிக் கணக்கில் நடப்பதும் உண்டு. குளுக்கோகார்டிகாய்டு ஹார்மோன் ஏறினால் செல் என்.எச்.இ.3-ஐப் புதிதாகவே கூடுதலாகத் தயாரிக்கும். குடலில் அழற்சி நீடித்தால், டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா போன்ற அழற்சிப் புரதங்கள் அந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும்.

யாருடைய உத்தரவும் இல்லாமல் பரிமாற்றி தானே கவனிக்கும் விஷயமும் ஒன்று இருக்கிறது. செல்லின் உட்புறம் அமிலமானால், வெளியே கடத்தப்படும் புரோட்டான் போக இன்னொரு புரோட்டான், புரதத்தின் உட்பக்கத்தில் தனியாக உள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டும். செல் கார நிலைக்குத் திரும்பினால் வேகம் அடங்கும். அதாவது உப்பை உள்ளே எடுக்கும் அதே புரதம் செல்லின் பி.எச்.-ஐயும் காக்கிறது.

மனப்பாடம் செய்த வரியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சைக்ளிக் ஏ.எம்.பி. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உறிஞ்சலைக் குறைக்கிறது, சி.எஃப்.டி.ஆர். குளோரைடு வழியைத் திறந்து சுரப்பைக் கூட்டுகிறது. தேர்வில் பலரும் சுரப்பை மட்டும் எழுதிவிட்டு உறிஞ்சலை விட்டுவிடுகிறார்கள். பேதியில் போகும் தண்ணீரில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

மருத்துவ மாணவர், மதுரை: காலராவில் இந்தச் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏன் இறங்குவதே இல்லை?

சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதி அடினைலேட் சைக்ளேஸ், அதை இயக்கிவிடுவது ஜி.எஸ். புரதம். காலரா நச்சு, ஜி.எஸ். புரதத்தில் ஏ.டி.பி.-ரிபோஸை (ADP-ribose, மேலே வந்த ATP இல்லை) ஒட்டி, அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் திறனைப் பறித்துவிடுகிறது. அடினைலேட் சைக்ளேஸ் அணையாமல் ஓடும். அந்தச் செல் உதிர்ந்து புதுச் செல் வரும்வரை விமோசனம் இல்லை. குடல் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது நம் அதிர்ஷ்டம். அந்த நச்சு இருப்பதை முயலின் குடல் துண்டில் காட்டி 1959-இல் வெளியிட்டவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்கு வாழ்நாளில் கிடைத்த மரியாதை போதாது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஈ. கோலி பாக்டீரியாவின் வெப்பம் தாங்கும் நச்சு வேறு வழியில் போகிறது. குவானிலேட் சைக்ளேஸ் சி என்ற நொதியைத் தூண்டி சைக்ளிக் ஜி.எம்.பி.யைக் கூட்டும். விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு தாய், தஞ்சாவூர்: என் பையனுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாளாகப் பேதி. டாக்டர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார். கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன், பேதி நிற்கவில்லை. வேலை செய்யாத மருந்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?

அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறதும்மா, பயப்படாதீர்கள். பேதியை நிறுத்துவது ஓ.ஆர்.எஸ்.-இன் வேலை இல்லை. போன தண்ணீரையும் உப்பையும் திரும்ப உடம்பில் சேர்ப்பதுதான் அதன் வேலை. பேதி சில நாளில் தானாக நிற்கும். அதுவரை குழந்தை வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கரண்டியும்தான்.

குடல் சோடியத்தை எடுக்க ஒரு வழி மட்டும் இல்லை. மேலே சொன்ன என்.எச்.இ.3 பேதியில் அடங்கிவிடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தைச் சேர்த்து உள்ளே எடுக்கும். சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகின்றன என்று 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் சொன்னவர் ராபர்ட் கிரேன். காலரா நச்சு கூட இந்த வழியை அடைப்பதில்லை. அதனால்தான் ஓ.ஆர்.எஸ்.-இல் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று இல்லாமல் இன்னொன்று மட்டும் கொடுத்தால் பலன் பாதிகூட இல்லை.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே ஊற்றிக் கொடுத்தவர்களும் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். கால் பாக்கெட்டைக் கண்ணளவில் டம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள், தூளில் உப்பு ஒரு பக்கமும் குளுக்கோஸ் ஒரு பக்கமும் ஒதுங்கியிருக்கும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கும், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்க வேண்டாம். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாகச் சொட்டோ மாத்திரையோ எழுதியிருந்தால், பேதி நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். பெரியவர்கள் சாப்பிடும், பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, குடிக்க மறுத்து, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மருந்துக்கடை வைத்திருப்பவர், ஈரோடு: பாக்கெட் தூளை விட, ஜூஸ் டப்பா மாதிரி வரும் இனிப்புப் பானத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தை விரும்பிக் குடிக்கிறது என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

வித்தியாசம் அளவில் இருக்கிறது. 2002-இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75. எல்லாம் சேர்த்துக் கரைசலின் செறிவு 245 மில்லி ஆஸ்மோல், ரத்தத்தின் செறிவை விடக் கொஞ்சம் குறைவு. அதனால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். இனிப்புப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு, சோடியம் மிகக் குறைவு. செறிவு 500-ஐத் தாண்டுவது சாதாரணம். உறிஞ்ச முடியாத சர்க்கரை குடலில் தங்கி, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். ஏற்கெனவே வற்றிப்போன குழந்தை இன்னும் வற்றும்.

2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்), இந்த மாதிரிப் பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்ற சொல்லைப் பெயரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் வந்து நிற்கும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். தயவுசெய்து சொல்லுங்கள் சார், உங்கள் ஒரு வார்த்தை ஒரு குழந்தையை ஐ.சி.யு. போகாமல் காப்பாற்றும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலூர்: எங்கள் காலத்தில் பேதி என்றால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிதான். அதில் அறிவியல் உண்டா?

உண்டு ஐயா, அதுவும் உங்கள் ஊரிலேயே நடந்த அறிவியல்.

அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸாகும். ஒரே நேரத்தில் செறிவை ஏற்றாமல், எஸ்.ஜி.எல்.டி.1-க்குத் தொடர்ந்து குளுக்கோஸ் கிடைக்கும். காலராவில் அரிசி கலந்த ஓ.ஆர்.எஸ். பயன் தருகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் கஞ்சியில் உப்பு போதிய அளவு இருக்க வேண்டும், பொட்டாசியமும் சிட்ரேட்டும் அதில் இருக்காது. பாக்கெட் கிடைக்கும் இடத்தில் பாக்கெட்தான் முதலில், கஞ்சி அதோடு சேர்த்து.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும், யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி பைண்டரோடு சேர்ந்து இன்னொரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒரு வகைச் சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.-இல் கலந்து காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓ.ஆர்.எஸ். மட்டும், ஒரு பிரிவுக்கு அரிசி மாவு சேர்த்தது, ஒரு பிரிவுக்கு இந்தச் சோள மாவுச்சத்து சேர்த்தது. மூன்றாவது பிரிவில் மலத்தின் அளவும் குறைந்தது, பேதி நீடித்த நேரமும் குறைந்தது. 2000-இல் வெளிவந்த ஆய்வு இது.

காரணம் பெருங்குடலில் இருக்கிறது. செரிக்காத மாவுச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் செல் அவற்றை உள்ளே எடுக்கும்போது செல்லுக்குள் அமிலம் ஏறும், உடனே சோடியம்-புரோட்டான் பரிமாற்றம் வேகம் பிடிக்கும். சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறியிருக்கும்போதும் இந்த வழி வேலை செய்கிறது என்பதுதான் விசேஷம். சிறுகுடல் கைவிட்டதைப் பெருங்குடல் மீட்கிறது. கஞ்சி குடித்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு கேள்வி எழுந்து விடையும் கிடைத்ததை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: வயிற்று அமிலத்தைக் குறைக்கத் தினமும் பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். "புரோட்டான் பம்ப்" மாத்திரை என்கிறார்களே, இது குடலின் இந்தப் பரிமாற்றியையும் நிறுத்திவிடுமா?

நிறுத்தாது. அது இரைப்பையில் இருக்கும் புரோட்டான்-பொட்டாசியம் பம்ப்பைப் பிடிக்கிறது. அது ஏ.டி.பி. செலவழிக்கும் வேறொரு புரதம். மாத்திரையை எவ்வளவு காலம் தொடரலாம் என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் நோயாளியின் மகன், கோவை: டெனபனார் என்ற மருந்து பற்றிப் படித்தேன். குடலில் சோடியத்தைத் தடுக்கும் மருந்து, ரத்தத்தில் பாஸ்பேட்டை எப்படிக் குறைக்கும்?

டெனபனார் என்.எச்.இ.3-ஐ நேரடியாகத் தடுக்கிறது. உடலுக்குள் பெரிதாகப் போவதில்லை, குடலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. சோடியமும் தண்ணீரும் குடலில் தங்கும், அதனால் மலம் இளகும். இதற்காகவே அமெரிக்காவில் 2019-இல் மலச்சிக்கலோடு வரும் குடல் எரிச்சல் நோய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

பாஸ்பேட் விஷயம் புரோட்டானால் வருகிறது. பரிமாற்றி நின்றால் வெளியே போக வேண்டிய புரோட்டான் செல்லுக்குள்ளேயே நிற்கும். அப்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே இருக்கும் இறுக்கமான இணைப்புகள் பாஸ்பேட்டை முன்பு போல விடுவதில்லை. பாஸ்பேட்டின் பெரும்பகுதி அந்த இடுக்குகள் வழியாகத்தான் உள்ளே போகிறது என்பதால் உறிஞ்சல் குறைகிறது. 2023-இல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, மற்ற பாஸ்பேட் மருந்துகள் போதாதபோது சேர்த்துக் கொடுக்க ஒப்புதல் வந்தது. பேதிதான் இதன் முக்கியப் பக்கவிளைவு. அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல முடியும்.

குழந்தை மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர், புதுச்சேரி: பிறவியிலேயே இந்தப் பரிமாற்றி கெட்டிருந்தால்?

பிறவிச் சோடியப் பேதி. என்.எச்.இ.3-இன் மரபணுவிலேயே பிழை இருக்கலாம், குவானிலேட் சைக்ளேஸ் சி ஓயாமல் ஓடும்படியான பிழையும் இருக்கலாம். கருவிலேயே பேதி தொடங்குவதால் பனிக்குட நீர் அதிகமாகும். பிறந்த பின் மலம் சிறுநீர் போலவே தண்ணீராக இருக்கும், டயப்பரைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். மலத்தில் சோடியம் அதிகம், ரத்தத்தில் அமிலத்தன்மை. டி.ஆர்.ஏ. கெட்டால் வருவது பிறவிக் குளோரைடு பேதி. அதில் மலத்தில் குளோரைடு அதிகம், ரத்தம் கார நிலைக்குப் போகும். ரத்த வாயுப் பரிசோதனை ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டத் தொடங்கிவிடும்.

மறுபடியும் அதே உயிர்வேதியியல் மாணவி, திருச்சி: கடைசியாக ஒன்று மேடம். வெளியே போன புரோட்டான் அப்புறம் என்ன ஆகிறது? வீண்தானா?

வீணாவதில்லை. சிறுகுடல் மேற்பரப்பில், சளிப் படலத்துக்கு அடியில், அந்தப் புரோட்டான்கள் ஒரு மெல்லிய அமிலப் படிவமாக நிற்கின்றன. குடலின் நடுவே பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தாலும், சுவரை ஒட்டிய இடத்தில் 6-க்குப் பக்கத்தில் இருக்கும். பெப்ட்1 என்ற கடத்தி அந்தப் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு, பருப்பிலும் முட்டையிலும் இருந்து வந்த சின்னப் பெப்டைடுகளை (புரதத் துண்டுகள்) செல்லுக்குள் கொண்டுவருகிறது. ஃபோலிக் அமிலத்தைக் கொண்டுவரும் கடத்திக்கும், இரும்பைக் கொண்டுவரும் கடத்திக்கும் இதே புரோட்டான்தான் உந்துசக்தி. உள்ளே வந்த புரோட்டானால் செல் மறுபடி கொஞ்சம் அமிலமாகும், என்.எச்.இ.3 அதை மறுபடி வெளியே அனுப்பி இன்னொரு சோடியத்தை உள்ளே எடுக்கும். உங்கள் செய்முறை வகுப்பில் உஸ்ஸிங் அறை இருந்தால் குளுக்கோஸுக்குப் பதிலாக கிளைசில்-சார்கோசின் என்ற சின்னப் பெப்டைடை விட்டுப் பாருங்கள். இந்த முறையும் மீட்டர் ஏறும், ஏனென்றால் பெப்டைடோடு வரும் புரோட்டான் மின்னேற்றத்தோடு வருகிறது.